லூஓ: ஒரு பழங்கிரேக்க வினைச்சொல்லை முழுசாகக் கற்க ஒரு வழிகாட்டி

பழங்கிரேக்கம் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் சில வாரங்களிலேயே சந்திக்கும் வினைச்சொல் லூஓ. அவிழ்த்தல், தளர்த்துதல், விடுவித்தல் என்பவை இதன் அடிப்படைப் பொருள். பாடநூலைத் திறந்தால் பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கும், அதைப் பார்த்தே பலர் சோர்ந்துபோகிறார்கள். அவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆறு வடிவங்களைத் தெரிந்துகொண்டு, செயல் யாருக்காக நடக்கிறது என்பதைக் கிரேக்கம் காட்டும் விதத்தையும் புரிந்துகொண்டால், அட்டவணையை நீங்களே எழுதிவிடலாம். தமிழ் இலக்கணம் பள்ளியில் படித்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

இந்தச் சொல்லை ஏன் மாதிரியாக எடுக்கிறார்கள்? பழைய இலக்கண மரபில் மாதிரி வினை வேறு: தூப்தோ, அதாவது 'அடிக்கிறேன்'. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த தியோடோசியஸ் என்ற இலக்கண ஆசிரியர் அதற்கு நீண்ட வாய்பாடு எழுதிவைத்தார். அதில் எந்தக் கிரேக்கரும் பேசவோ எழுதவோ செய்யாத வடிவங்கள் நிறைய உண்டு. லூஓ அப்படியல்ல. பகுதி உயிரில் முடிவதால் விகுதி சேரும்போது மெய்கள் மோதிக்கொள்வதில்லை, இணைப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட, இலியட், ஒடிசி காப்பியங்களைப் பாடிய ஹோமர் முதல் புதிய ஏற்பாடு வரை உண்மையான வாக்கியங்களில் இதைக் காணலாம்.

முதலில் ஒலிகள்

கிரேக்கத்தில் எப்சிலோனும் ஏட்டாவும் தனித்தனி எழுத்துகள். நம் எ, ஏ போல ஒன்று குறில், மற்றது நெடில். ஓமிக்ரோனும் ஓமேகாவும் ஒ, ஓ. இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பிடிக்க ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் திணறுவார்கள். தமிழ்க் காதுக்கு அது சிறுவயதிலேயே பழகியது. அதனால் கிரேக்கச் சொற்களை எழுதிப் பழகத் தமிழ் எழுத்து உண்மையிலேயே வசதியானது.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஏதென்ஸ் வழக்கில் உப்சிலோன் வெறும் 'உ' அல்ல. உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லிப்பாருங்கள், அந்த ஒலிதான். இங்கே வேறு வழியில்லாமல் உ, ஊ என்றே எழுதுகிறேன். அடுத்தது, 'எலுத்தேன்' போன்ற வடிவங்களில் வரும் தகரத்தை மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும், வடமொழியின் 'ரத'த்தில் வருவது போல. வல்லின ஒலிகள் மெலியாமல் இருக்க க்க, த்த என்று இரட்டித்து எழுதியிருக்கிறேன். பகுதி எங்கே முடிகிறது என்று காட்டச் சிறுகோடு போட்டிருக்கிறேன்.

பகுதி, இடைநிலை, விகுதி

'செய்தேன்' என்பதைப் பகுபத உறுப்புகளாகப் பிரிக்கத் தெரியும்தானே? அதையே இங்கே செய்யுங்கள். லூ-ஸ்-ஒ-மென் என்றால் 'அவிழ்ப்போம்'. லூ பகுதி. ஸ் எதிர்கால இடைநிலை. ஒ என்பது நம் சாரியை போல நடுவில் நின்று இணைப்பது. மென் தன்மைப் பன்மை விகுதி. விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் 'நான்', 'நாங்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அழுத்தம்.

நிகழ்காலம் இப்படிப் போகும்:

லூ-ஓ: அவிழ்க்கிறேன்
லூ-எய்ஸ்: அவிழ்க்கிறாய்
லூ-எய்: அவிழ்க்கிறான், அவிழ்க்கிறாள், அவிழ்க்கிறது
லூ-ஒமென்: அவிழ்க்கிறோம்
லூ-எத்தெ: அவிழ்க்கிறீர்கள்
லூ-ஊஸி: அவிழ்க்கிறார்கள்

படர்க்கையில் ஆண், பெண், அஃறிணை வேறுபாடு கிடையாது. 'லூ-எத்தெ' பன்மை மட்டுமே, மரியாதைக்காக ஒருவரை அப்படி அழைக்க மாட்டார்கள். அரசனும் 'நீ'தான். இருவருக்கென்று தனி வடிவம் (லூ-எத்தொன்) உண்டு. ஹோமரிலும் ஏதென்ஸ் எழுத்தாளர்களிடமும் அவ்வப்போது வரும், பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

அகராதியில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிரேக்க அகராதிகள் வினையைத் தன்மை ஒருமை நிகழ்காலத்தில்தான் தருகின்றன. 'அவிழ்' என்றோ 'அவிழ்த்தல்' என்றோ தேட முடியாது, 'அவிழ்க்கிறேன்' என்று தேட வேண்டும்.

ஆறு தூண் வடிவங்கள்

இவற்றை மட்டும் சத்தமாகச் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள்:

லூ-ஓ, லூ-ஸோ, எ-லூ-ஸ, லெலு-க்க, லெலு-மய், எலு-த்தேன்.

அவிழ்க்கிறேன், அவிழ்ப்பேன், அவிழ்த்தேன், அவிழ்த்திருக்கிறேன், அவிழ்க்கப்பட்டிருக்கிறேன், அவிழ்க்கப்பட்டேன். கடைசி வடிவம் நம் 'எடுத்தேன்' போலவே ஒலிக்கிறது, அதுவும் தன்மை ஒருமை இறந்தகாலத்தில். இது தற்செயல்தான், இரண்டு மொழிக்கும் உறவு எதையும் இதிலிருந்து எடுக்க வேண்டாம். நினைவில் வைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் மூன்றில் 'லூ' நெடில், பின்மூன்றில் 'லு' குறில். ஹோமரில் நிகழ்கால வடிவங்களிலும் பெரும்பாலும் குறிலாகவே வரும், செய்யுளைச் சீர் பிரிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி, தமிழில் இல்லாத இரண்டு விஷயங்கள். நாம் காலத்தைப் பகுதிக்குப் பின்னால்தான் வைக்கிறோம். கிரேக்கமோ இறந்தகாலத்துக்கு முன்னாலும் ஓர் 'எ' சேர்க்கிறது: எ-லூ-ஸ. ஹோமர் அதைப் பல இடங்களில் விட்டுவிடுவார், அப்போது 'எலூஸெ' (அவிழ்த்தான்) வெறும் 'லூஸெ' என்று நிற்கும். இரண்டாவது, முதல் மெய்யை எகரத்தோடு இரட்டிப்பது: லெ-லு-க்க. இது செயல் முடிந்து, அதன் விளைவு இப்போதும் நிலைத்திருப்பதைக் காட்டும். நம் 'இருக்கிறது' சேர்த்த வடிவங்கள் இதற்கு நெருக்கம்.

நிகழ்காலப் பகுதியின் முன் 'எ' சேர்த்தால் இன்னோர் இறந்தகாலம் பிறக்கும்: எ-லூ-ஒன், 'அவிழ்த்துக்கொண்டிருந்தேன்', சில இடங்களில் 'அவிழ்க்கப் பார்த்தேன்'. எ-லூ-ஸ அப்படியல்ல. அது செயலை ஒரே வீச்சில் முழுதாகப் பார்க்கிறது. இதற்கு அயோரிஸ்ட் என்று பெயர். இந்தப் பார்வை வேறுபாடு ஏவலிலும் தொடரும். 'லூ-எ' என்றால் தொடர்ந்து அவிழ்த்துக்கொண்டிரு, 'லூ-ஸொன்' என்றால் அவிழ்த்துவிடு. ஏவலில் இறந்தகாலம் என்ற பேச்சே கிடையாது, அதனால் அங்கே 'எ'யும் இல்லை. முன்னால் வரும் 'எ' காலத்தின் அடையாளம், 'ஸ்' பார்வையின் அடையாளம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பாடநூல்கள் இதை எங்கோ பின்பக்கத்தில் வைக்கின்றன. என் கருத்தில் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டியது இது.

யாருக்காக?

இந்த வினையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிரேக்கத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை மட்டுமல்ல, இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு. செய்பவர் தனக்காக, தன்னைச் சார்ந்த காரியமாகச் செய்யும்போது அந்த வடிவம் வரும். நடுவினை என்று வைத்துக்கொள்வோம். வடமொழி படித்தவர்களுக்குப் பரஸ்மைபதம், ஆத்மனேபதம் என்ற பிரிவு நினைவுக்கு வரும், கிரேக்கமும் வடமொழியும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் சொத்துதான் இது. தமிழில் நாம் இதைத் துணைவினை வைத்துச் சொல்கிறோம்: எடுத்தான், எடுத்துக்கொண்டான். 'கொள்' செய்கிற வேலையைக் கிரேக்கம் விகுதியிலேயே செய்துவிடுகிறது.

லூ-ஒமய், லூ-ஏய், லூ-எத்தய், லூ-ஒமெத்த, லூ-எஸ்தெ, லூ-ஒந்தய்: இவை நடுவினையின் நிகழ்காலம். இரண்டாவது மட்டும் ஒழுங்கு தப்பியதாகத் தோன்றும். ஆதியில் அது 'லூ-எஸய்'. உயிர்களுக்கு நடுவே வந்த 'ஸ்' கிரேக்கத்தில் உதிர்ந்து, இரண்டு உயிரும் ஒன்றாகின. 'லெலு-ஸய்' என்ற இரட்டித்த வடிவத்தில் அந்த விகுதி முழுசாக இருப்பதைப் பார்க்கலாம்.

இப்போது டிராய்ப் போரைப் பாடும் இலியட்டுக்குப் போவோம். முதல் காண்டத்தின் 13ஆம் அடி. அப்பல்லோவின் பூசாரி கிரைசேஸ், சிறைப்பட்ட மகளை மீட்க கிரேக்கர்களின் கப்பல்களுக்கு வருகிறார். அவரைச் சொல்லும் சொல் 'லூஸொமெனொஸ்': மீட்டுக்கொள்ள வந்தவர். பகுதி லூ, எதிர்கால ஸ், மெனொஸ் என்ற நடுவினை எச்ச விகுதி. எதிர்கால எச்சம் இங்கே நோக்கத்தைச் சொல்கிறது. மகள் அவருடையவள், மீட்பும் அவருக்காக. பணயப் பொருள் கொடுத்துத் தன்னிடம் திரும்பப் பெறுகிறார். அதனால் நடுவினை.

29ஆம் அடியில், அந்த மகளைத் தன்னிடம் வைத்திருக்கும் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோன் மறுக்கிறான்: 'ஊ லூஸோ', விடமாட்டேன். அதே வினை, அதே எதிர்காலம். ஆனால் செய்வினை. கையில் வைத்திருப்பவன் பிறருக்கு விட்டுக்கொடுப்பது செய்வினை, தன் பொருளை மீட்டுக்கொள்வது நடுவினை. விலை கொடுப்பவரும் விலை வாங்குபவரும் ஒரே வினைச்சொல்லின் இரண்டு பக்கங்களில் நிற்கிறார்கள்.

கடைசியான 24ஆம் காண்டத்தில் டிராய் மன்னர் பிரியம், தன் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, அவனைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸின் குடிலுக்குத் தனியே வருகிறார். 502ஆம் அடியில் அவர் சொல்வதும் அதே 'லூஸொமெனொஸ்'. 'அளவற்ற மீட்புப் பொருள் கொண்டுவருகிறேன்' என்ற தொடரும் ஏறக்குறைய அப்படியே திரும்புகிறது. காப்பியத்தின் முதல் பக்கத்தில் ஒரு தந்தை, கடைசியில் ஒரு தந்தை, இருவருக்கும் ஒரே எச்சம். முதலாமவரை அவமானப்படுத்தி விரட்டினார்கள். இரண்டாமவருக்கு 599ஆம் அடியில் அக்கிலீஸ் சொல்லும் பதில் 'லெலுத்தய்': உன் மகன் விடுவிக்கப்பட்டுவிட்டான், முதியவரே, நீர் கேட்டபடியே. இரட்டித்த வடிவம், செயப்பாட்டுப் பொருள். காரியம் முடிந்துவிட்டது, இனி மாறாது. ஊ லூஸோவிலிருந்து லெலுத்தய் வரை இலியட் போகும் தூரத்தை இலக்கண வடிவங்களே காட்டுகின்றன. மொழிபெயர்ப்பில் மட்டும் படிக்கிறவருக்கு இது கிடைக்காது.

செயப்பாட்டுவினை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிகழ்காலத்திலும் இரட்டித்த வடிவத்திலும் அதற்கும் நடுவினைக்கும் ஒரே உருவம், சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அயோரிஸ்டிலும் எதிர்காலத்திலும் மட்டும் தனித்தனி: எ-லூ-ஸமேன் 'மீட்டுக்கொண்டேன்', எலு-த்தேன் 'விடுவிக்கப்பட்டேன்', லூ-ஸொமய் 'மீட்டுக்கொள்வேன்', லு-த்தேஸொமய் 'விடுவிக்கப்படுவேன்'.

இன்னொரு சிறு விஷயம். அஃறிணைப் பன்மை எழுவாய் வந்தால் கிரேக்கத்தில் வினை ஒருமையில் நிற்கும். 'மாடுகள் வந்தது' என்று நாம் பேச்சில் சொல்வது போல. ஆனால் இலியட் இரண்டாம் காண்டத்தின் 135ஆம் அடியில், கப்பல்களின் மரங்கள் மக்கிவிட்டன என்பதற்கு ஒருமை வினையும், கயிறுகள் தளர்ந்துவிட்டன என்பதற்கு 'லெலு-ந்தய்' என்ற பன்மையும் ஒரே அடியில் அடுத்தடுத்து வருகின்றன. விதியை இறுகப் பிடித்துக்கொண்டு வாசித்தால் இங்கே தடுமாறுவீர்கள்.

ஆசை, ஐயம், ஏவல்

லூ-ஒமென் என்றால் அவிழ்க்கிறோம். லூ-ஓமென் என்றால் அவிழ்ப்போமாக, அல்லது சூழலுக்கேற்ப 'அவிழ்த்தால்'. குறில் நெடிலாவதுதான் மாற்றம், வேறெதுவும் இல்லை. மத்தேயு 16:19இல் பேதுருவிடம் சொல்லும் வாக்கியத்தில் இது வருகிறது: 'லூ-ஸேஸ்', பூமியில் நீ எதைக் கட்டவிழ்த்தாலும். தொடர்ந்து 'லெலு-மெனொன்', அது கட்டவிழ்ந்ததாய் இருக்கும். நிபந்தனைக்கு அயோரிஸ்ட், நிலைத்த விளைவுக்கு இரட்டித்த வடிவம் என்று எவ்வளவு கச்சிதமாக அமர்ந்திருக்கிறது பாருங்கள்.

வேண்டுதலுக்கு விகுதியின் முன் ஓர் 'ய்' ஒலி சேரும்: லூ-ஒய்மி, லூ-ஒய்ஸ், லூ-ஒய். நம் வியங்கோளுக்கு நெருக்கம். கிரைசேஸ் கிரேக்கர்களைக் கெஞ்சும்போது பல பதிப்புகளில் 'லூ-ஸய்த்தெ' என்று இருக்கும்: என் அன்பு மகளை விடுவிப்பீர்களாக. கட்டளையிடும் நிலையில் அவர் இல்லை, அந்த வடிவம் அவருடைய நிலையையும் சேர்த்தே சொல்கிறது.

ஏவலுக்கு யோவான் நற்செய்தியைப் பாருங்கள். 2:19இல் 'லூ-ஸத்தெ', இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள். 11:44இல், கல்லறையிலிருந்து கட்டுகளோடு வெளியே வந்த லாசருவைக் காட்டி அதே 'லூ-ஸத்தெ', இவனைக் கட்டவிழ்த்து விடுங்கள். தமிழ் வேதாகமம் இரண்டு வேறு வினைகளைப் போட்டிருப்பது சரியே. கிரேக்கருக்கு இரண்டும் ஒன்று: சேர்த்துக் கட்டியது எதுவானாலும் அதைப் பிரிப்பது லூஓ. கயிற்றில் நிகழ்ந்தால் அவிழ்ப்பு, கட்டடத்தில் நிகழ்ந்தால் இடிப்பு, உடலில் நிகழ்ந்தால் சோர்வு அல்லது சாவு. முழங்கால் தளர்ந்தது என்று ஹோமர் அடிக்கடி சொல்வது இந்த வினையால்தான். ஏரோஸ் எனும் காதல் தெய்வத்தை கவிஞர்கள் ஹெசியடும் சாப்போவும் 'லூஸிமெலேஸ்' என்கிறார்கள், உறுப்புகளைத் தளர்த்துபவன்.

ஒப்பந்தத்தில் நிகழ்ந்தால் முறிவு. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தன் வரலாற்றின் முதல் நூலில், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொப்பொனேசியப் போருக்கு முன் ஸ்பார்ட்டா அவை வாக்களித்ததைச் சொல்லும்போது 'லெலு-ஸ்தய்' என்கிறார். ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று அவர்கள் தீர்மானிக்கவில்லை. அது ஏற்கெனவே முறிக்கப்பட்டுவிட்டது என்று தீர்மானித்தார்கள். பழி ஏதென்ஸ் மேல் போய்விடுகிறது. அரசியல் முழுவதும் அந்த இரட்டித்த 'லெ'யில் இருக்கிறது.

எச்சங்கள்

லூ-எய்ன், லூ-ஸய், லெலு-க்கெனய் ஆகியவை 'அவிழ்க்க' என்ற செயவென் எச்சத்தின் இடத்தை நிரப்புகின்றன. மாற்கு 1:7இல் செருப்பின் வாரை அவிழ்க்கவும் தகுதியற்றவன் என்று யோவான் ஸ்நானகன் சொல்வதில் வருவது 'லூ-ஸய்'.

லூ-ஓன் (ஆண்), லூ-ஊஸ (பெண்), லூ-ஒன் (அஃறிணை) என்பவை அவிழ்க்கிறவன், அவிழ்க்கிறவள், அவிழ்ப்பது. இவை வேற்றுமை ஏற்கும், நம் வினையாலணையும் பெயர் போல. ஆனால் அதே வடிவம் வினையெச்சமாகவும் நிற்கும். துசிடிடீஸின் 'லூ-ஸந்தெஸ்' முப்பதாண்டு ஒப்பந்தத்தை 'முறித்தவர்களாய்', 'முறித்து' என்று இரண்டு விதமாகவும் தமிழாகும். பெரும்பாலும் வினையெச்சமாக எடுத்தால் தமிழ் இயல்பாக ஓடும்.

தெரியாத வடிவத்தைப் பிரிப்பது

'கத்தெலுத்தேஸன்' என்ற சொல்லைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பகுதியைத் தேடுங்கள்: நடுவில் 'லு'. அதன் முன்னால் 'எ', ஆக இறந்தகாலம். அதற்கும் முன்னால் 'கத்', இது கீழே அல்லது முற்றிலுமாக என்ற பொருள் தரும் 'கத்த' முன்னொட்டு, உயிர் முன் வந்ததால் குறுகியிருக்கிறது. காலம் காட்டும் 'எ' பொதுவாக முன்னொட்டுக்கும் பகுதிக்கும் நடுவே உட்காரும். இதை மறந்தால் அகராதியில் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பகுதிக்குப் பின் 'த்தே': செயப்பாட்டு அயோரிஸ்ட். கடைசியில் 'ஸன்': படர்க்கைப் பன்மை. அவர்கள் கலைக்கப்பட்டார்கள். அகராதியில் பார்க்க வேண்டியது 'கத்தலூஓ'. மக்களாட்சியைக் கவிழ்ப்பதற்கும் ஏதென்ஸில் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆக வரிசை இதுதான்: பகுதி, அதன் முன்னால் எ அல்லது லெ, பின்னால் ஸ், க்க், த்தே, பிறகு விகுதி, கடைசியாக நடு உயிரின் குறில் நெடில். பத்து வடிவங்களை இப்படிப் பிரித்தால் கை பழகிவிடும்.

முன்னொட்டு சேர்ந்த வடிவங்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கம். டயாலிசிஸ், பாராலிசிஸ் எல்லாம் லூஓவின் பிள்ளைகள்தான். மைக்கேல் பாரடே 1834இல் எலெக்ட்ரோலிசிஸ் என்ற சொல்லையும், பெர்சீலியஸ் 1835இல் கட்டாலிசிஸ் என்ற சொல்லையும் அறிவியலுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அனாலிசிஸ். ஒடிசியின் இரண்டாம் காண்டத்தில் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி பகலில் நெய்த துணியை இரவில் பிரிக்கிறாள். அங்கே வரும் 'அல்லூ-எஸ்க்கென்', அனலூஓ என்ற வினையின் வழக்கம் காட்டும் வடிவம்: பிரித்துக்கொண்டே இருந்தாள். அரிஸ்டாட்டில் நாடகக் கதையின் சிக்கல் அவிழும் பகுதியை 'லூஸிஸ்' என்றார். கி.மு. 411இல் அரிஸ்டோஃபனீஸ் மேடையேற்றிய நாடகத்தின் நாயகி லிசிஸ்ட்ராட்டாவின் பெயருக்கே படையைக் கலைப்பவள் என்று பொருள்.

அடுத்து எந்த வினை?

லூஓ ஒழுங்கானது, அதுவே அதன் குறை. பகுதியே மாறி இறந்தகாலம் காட்டும் வினைகளை இது கற்றுத்தராது. அதற்கு லெய்ப்போ (விட்டுச்செல்கிறேன்), அதன் அயோரிஸ்ட் எ-லிப்-ஒன். உயிரும் உயிரும் கலந்து சுருங்குவதைக் காண தீமஓ (மதிக்கிறேன்). அதன் பிறகு பெரோ (சுமக்கிறேன்): எதிர்காலம் ஒய்ஸோ, அயோரிஸ்ட் ஏனெங்க்க, மூன்றும் மூன்று வேறு பகுதிகள். 'மி' விகுதி வினைகளான திதோமி (கொடுக்கிறேன்), ஹிஸ்தேமி (நிறுத்துகிறேன்) ஆகியவற்றைக் கடைசியாக எடுங்கள். அவற்றுக்கு முன்பே இலியட் முதல் காண்டத்தின் முதல் 50 அடிகளை அகராதியோடு வாசிக்கத் தொடங்கிவிடலாம். லூஓ மட்டும் தெரிந்திருந்தாலே 13, 20, 29ஆம் அடிகளில் வினை உங்களுக்குப் புரியும்.